இரவில் நிற்கும் மூச்சும் அலுமாரியில் உறங்கும் இயந்திரமும்

குறட்டை விட்டு உறங்குபவர் நிம்மதியாக உறங்குகின்றார் என்பது எமது மக்களிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்ற ஓர் எண்ணமாகும். நாள் முழுவதும் கடலிலோ தோட்டத்திலோ உழைத்து வந்தவர் படுத்த மாத்திரத்தே குறட்டை விடத் தொடங்கினால், 'அலுப்பில் அசந்து போனார்' என்று கூறி வீட்டார் விலகிச் செல்வர். சில வீடுகளில் அது கேலிப் பொருளாகும். சில வீடுகளில் மனைவியும் பிள்ளைகளும் அடுத்த அறையில் படுப்பதற்குக் காரணமாகும். வைத்தியரிடம் சொல்ல வேண்டிய விடயமாக அதனைக் கருதுவோர் மிகக் குறைவு. ஆயினும், பலத்த குறட்டை திடீரென நின்று, சில கணங்கள் முழு அமைதி நிலவி, பின்னர் மூச்சுத் திணறலுடனோ பெரும் செருமலுடனோ மீண்டும் குறட்டை ஆரம்பிக்குமாயின் அங்கே நடப்பது நிம்மதியான உறக்கமன்று. அந்த அமைதியின்போது அவரது மூச்சு நின்று போயிருக்கின்றது.

நித்திரை மூச்சுத்தடை என்றும், வைத்தியர்களின் வழக்கில் ஸ்லீப் அப்னியா என்றும் அழைக்கப்படும் இந்நோய் ஏற்படும் விதம் எளிதில் விளங்கக் கூடியதே. உறங்கும்போது உடலின் தசைகள் தளர்கின்றன. தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் தசைகளும் அவ்வாறே தளர, நாக்கின் அடிப்பகுதியும் அண்ணத்தின் மென்மையான பகுதியும் பின்னோக்கிச் சரிந்து மூச்சுப் பாதையை ஒடுக்குகின்றன. ஒடுங்கிய பாதையூடாகக் காற்றுச் செல்கையில் எழும் அதிர்வே குறட்டை. பாதை முற்றாக அடைபட்டால் மூச்சு நிற்கின்றது. குருதியில் ஒட்சிசன் குறைய, மூளை அபாயத்தை உணர்ந்து உறங்குபவரை ஒரு கணம் விழிக்கச் செய்கின்றது. அவர் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் உறங்கி விடுகின்றார். காலையில் அவருக்கு எதுவுமே நினைவில் இருப்பதில்லை. பத்து விநாடிகளோ அதற்கு மேலோ நீடிக்கும் இத்தகைய தடைகளும் மூச்சுக் குறைவுகளும் மணித்தியாலத்துக்கு 5 முதல் 15 வரை நிகழுமாயின் நோய் இலேசானது என்றும், 15 முதல் 30 வரையாயின் நடுத்தரமானது என்றும், 30 ஐ எட்டினால் கடுமையானது என்றும் வைத்தியர்கள் வகுத்துள்ளனர். கடுமையான நோயுள்ள ஒருவர் ஏழு மணித்தியாலங்கள் உறங்கினால் அன்றிரவு இருநூறு தடவைகளுக்கு மேல் அவரது மூச்சு தடைப்பட்டிருக்கும் என்பதை வாசகர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இவ்வாறு இரவெல்லாம் துண்டு துண்டாக உறங்கியவர் காலையில் தலைவலியோடும் வறண்ட வாயோடும் எழுகின்றார். வெள்ளிக்கிழமை குத்பாவின்போதும், கூட்டங்களிலும், பஸ் வண்டியிலும் தூங்கி விழுகின்றார். மறதியும் எரிச்சலும் கூடுகின்றன. மருந்து எடுத்தும் குறையாத உயர் குருதி அழுத்தம், பாரிசவாதம், இதயத் துடிப்பின் ஒழுங்கின்மை, நீரிழிவு ஆகியவற்றுடன் இந்நோய்க்கு நெருங்கிய தொடர்பு காணப்படுகின்றது. வாகனம் ஓட்டுபவர்களாயின் ஆபத்து அவர்களோடு நின்று விடுவதில்லை. புத்தளக் கரையிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு பேலியகொடைச் சந்தைக்கு விடியுமுன் போய்ச் சேர வேண்டிய லொறிச் சாரதி ஒருவருக்கு இந்நோய் இருந்து அது கண்டறியப்படாமலும் இருந்தால், எதிரே வருகின்ற ஒவ்வொருவரும் அந்த ஆபத்தின் பங்காளியாகின்றார்.

2022 பெப்ரவரி 15 இல் மும்பையில் காலமான இசையமைப்பாளர் பப்பி லஹிரியின் மரணத்துக்கு இந்நோயே காரணம் என அவருக்குச் சிகிச்சையளித்த வைத்தியர் அறிவித்தபோது பலர் வியப்படைந்தனர். 1982 இல் வெளியான 'டிஸ்கோ டான்சர்' திரைப்படப் பாடல்களின் வாயிலாக இலங்கையிலும் நன்கு அறியப்பட்ட அவருக்கு அப்போது வயது 69. குறட்டையால் ஒருவர் இறப்பாரா என்று அன்று கேட்கப்பட்ட கேள்வியே இந்நோய் பற்றிய அறிவு எவ்வளவு தூரம் பின்தங்கியிருக்கின்றது என்பதைக் காட்டியது. 2019 இல் மருத்துவச் சஞ்சிகையொன்றில் வெளியான மதிப்பீட்டின்படி, உலகில் 30 முதல் 69 வயது வரையானோரில் ஏறத்தாழ 93.6 கோடிப் பேருக்கு இந்நோய் ஏதோவொரு அளவில் உள்ளது. அவர்களுள் 42.5 கோடிப் பேருக்கு அது நடுத்தரமானதாகவோ கடுமையானதாகவோ இருக்கின்றது. பருத்த உடலும் தடித்த கழுத்தும் உடையவர்களுக்கே இது வரும் என்பதும் முழு உண்மையன்று. தாடை எலும்பின் அமைப்புக் காரணமாக ஆசிய மக்களில் அவ்வளவு பருமனற்றவர்களையும் இது பீடிக்கின்றது. பெண்களுக்கு, விசேடமாக மாதவிடாய் நின்ற பின்னர், இது ஏற்படும் வாய்ப்பு அதிகரிக்கின்றது. ஆனால் தாம் குறட்டை விடுவதை வெளியில் சொல்லக் கூசுவதனால் பெண்களின் நோய் பெரும்பாலும் மறைந்தே கிடக்கின்றது.

இங்கு நாம் கரைத்தீவை முன்னிறுத்தி இவ்விடயத்தை எழுதுவதற்குக் காரணம் உண்டு. கரைத்தீவு என்றதும் பலருக்கு அம்பாறை மாவட்டத்துக் காரைதீவே நினைவுக்கு வரும். நாம் குறிப்பிடுவது புத்தளம் நகருக்கு வடக்கே, வண்ணாத்திவில்லு பிரதேச செயலாளர் பிரிவில், களப்பை அண்டி அமைந்துள்ள முஸ்லிம் கிராமமாகும். கொழும்பு நகரில் வாழ்பவருக்கு இந்நோயைக் கண்டறிவதும், இயந்திரம் வாங்குவதும், அது ஒத்து வரவில்லையெனில் மறுநாளே சென்று கேட்பதும் ஓரளவுக்குச் சுலபம். புத்தளத்திலிருந்தே கொழும்பு சுமார் 130 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கையில், அதற்கும் அப்பாலுள்ள கரைத்தீவு வாசிக்கு அது ஒரு நாள் உழைப்பையும் பயணச் செலவையும் விழுங்குகின்ற விடயம். முகமூடியின் பட்டி சற்று இறுகியிருக்கின்றது என்று சொல்வதற்காக எவரும் அத்தனை தூரம் போகமாட்டார். இயந்திரம் அலுமாரிக்குள் போய்விடும். வைத்தியம் தோற்றுப் போவது பெரும்பாலும் இத்தகைய சில்லறைக் காரணங்களால்தான் என்பதே நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது.

அந்த இயந்திரம் எவ்வாறு தோன்றியது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1980 ஆம் ஆண்டுக்கு முன்னர் கடுமையான நித்திரை மூச்சுத்தடைக்கு இருந்த உறுதியான சிகிச்சை ஒன்றே. கழுத்தில் துவாரமிட்டு, மூச்சுக் குழாயை வெளியே திறந்து விடுவதுதான் அது. அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பணியாற்றிய வைத்தியர் கொலின் சலிவன், 1980 ஜூன் மாதம், அந்தச் சத்திரசிகிச்சைக்கு உடன்படாத நோயாளி ஒருவரிடம் வேறொரு முறையைப் பரீட்சித்தார். தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரை எடுத்து, அது வெளியேற்றும் காற்றைக் குழாய் வழியாக மூக்கினூடே செலுத்தினார். தொண்டைக்குள் சற்றுக் கூடிய அழுத்தத்தில் காற்று நிறைந்திருந்தமையால் பாதை சரிந்து அடைபடவில்லை. அந்நோயாளி அன்றிரவு பல மணித்தியாலங்கள் தடையின்றி உறங்கினார். ஐந்து நோயாளிகள் பற்றிய அவரது குழுவினரின் அறிக்கை 1981 இல் 'லான்செற்' சஞ்சிகையில் வெளியானது. இன்று சீபெப் என வழங்கப்படும் இயந்திரத்தின் பிறப்பு இதுவே. இது ஒட்சிசன் சிலிண்டர் அன்று என்பதை இங்கு குறிப்பிட்டாக வேண்டும். அறையிலுள்ள சாதாரணக் காற்றையே இழுத்து, வடிகட்டி, குறித்த அழுத்தத்தில் அனுப்புகின்றது. மூச்சை அது இழுத்து விடுவதுமில்லை. மூச்சு விடுவது மனிதரே, இயந்திரம் கதவைத் திறந்து பிடித்திருக்கின்றது, அவ்வளவுதான். 'மெஷின் போட்டால் பிறகு மெஷின் இல்லாமல் மூச்சு விட முடியாது' என்று எம்மவரிடையே உலவும் பயத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை.

இயந்திரம் இத்துணை எளிமையானதாக இருந்தும் அதனைப் பெற்றவர்களில் கணிசமானோர் சில மாதங்களுக்குள் கைவிட்டு விடுகின்றனர் என்பது எல்லா நாடுகளிலும் காணப்படும் உண்மை. 2016 இல் வெளியான 'சேவ்' எனும் பன்னாட்டு ஆய்வு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஏற்கனவே இதய நோயோ மூளைக் குருதிக்குழாய் நோயோ உள்ள 2,717 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். இயந்திரம் பெற்றவர்களில் மாரடைப்பும் பாரிசவாதமும் குறையவில்லை என்ற முடிவு அப்போது பெரும் ஏமாற்றத்தை அளித்தது. ஆனால் அவர்கள் இயந்திரத்தைச் சராசரியாக இரவொன்றுக்கு 3.3 மணித்தியாலங்களே பயன்படுத்தியிருந்தனர். பகல் தூக்கம், மனநிலை, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் அந்தக் குறைந்த பாவனையே முன்னேற்றத்தைத் தந்தது என்பதும் அதே ஆய்வின் முடிவாகும். இரவுக்கு நான்கு மணித்தியாலங்கள் என்பது ஆகக் குறைந்த எல்லையாகக் கொள்ளப்படுகின்றது. உறங்கும் நேரம் முழுவதும் அணிவதே இலக்கு. முதல் சில நாட்களில் ஒருவர் அதனை எவ்வாறு பாவிக்கின்றாரோ அவ்வாறே பின்னரும் பாவிப்பார் என்பதை ஆய்வாளர்கள் அவதானித்துள்ளனர். ஆகவே முதல் இரண்டு வாரங்களே தீர்க்கமானவை.

அவ்விரண்டு வாரங்களில் நேர்கின்ற முதற் தடை பயம். முகத்தை எதுவோ மூடியிருக்கின்றது, காற்று முட்டித் தள்ளுகின்றது, மூச்சை வெளியே விட இடமில்லை என்ற உணர்வு சிலருக்கு நெஞ்சு படபடப்பை உண்டாக்கும். இதற்கான வழி இரவோடு போராடுவதன்று. பகலில், விழித்திருக்கும் வேளையில், இயந்திரத்தோடு இணைக்காமல் முகமூடியை மாத்திரம் கையால் முகத்தில் பிடித்துப் பழக வேண்டும். மறுநாள் பட்டியைப் பூட்டி, வானொலி கேட்டுக்கொண்டோ தொலைக்காட்சி பார்த்துக்கொண்டோ பதினைந்து இருபது நிமிடங்கள் இருக்கலாம். அதன் பின்னர் இயந்திரத்தை இயக்கிக் கதிரையில் அமர்ந்தவாறும், அடுத்துப் பகல் தூக்கத்திலும், கடைசியில் இரவிலும் அணியலாம். இதற்கு ஒரு வாரம் எடுத்தால் அந்த ஒரு வாரம் வீணானதன்று. பெரும்பாலான இயந்திரங்களில் ஆரம்பத்தில் குறைந்த அழுத்தத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுகின்ற வசதியும், மூச்சை வெளிவிடும்போது அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்துகின்ற வசதியும் உள்ளன. விற்பவர் இவற்றைக் காட்டித் தராவிட்டால் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். அழுத்தத்தின் அளவை மட்டும் தாமாக மாற்றக் கூடாது. அது வைத்தியர் நிர்ணயிப்பது.

அடுத்தது முகமூடி. மூக்கை மாத்திரம் மூடுவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது, மூக்குத் துவாரங்களில் மெத்தென்று பொருந்துகின்ற சிறு தலையணை போன்றது என மூன்று வகைகள் உள்ளன. இங்கே எமது வாசகர்கள் பலருக்கு ஒரு விசேட பிரச்சினை உண்டு. தாடி வைத்திருப்பவர்களுக்கு மூக்கையும் வாயையும் மூடும் பெரிய முகமூடி சரியாகப் படிவதில்லை, காற்றுக் கசிந்து கண்களில் வீசும். சுன்னத்தான தாடியைச் சிரைக்கும்படி சொல்லி விடுவார்களோ என்றெண்ணி வைத்தியரிடம் போகாமலே இருப்பவர்களும் இருக்கக் கூடும். அதற்கு அவசியமில்லை. மூக்குத் துவாரங்களில் பொருந்தும் வகையோ, மூக்கை மட்டும் மூடும் வகையோ தாடியைத் தொடாமலே வேலை செய்கின்றது. கசிவை நிறுத்துவதற்காகப் பட்டியை இறுக்கிக்கொண்டே போவது எல்லாரும் செய்கின்ற, ஆனால் பயனற்ற காரியம். இறுக்கினால் மூக்கின் மேற்புறம் புண்ணாகும், கசிவும் கூடும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, படுத்த நிலையில் பட்டியைச் சரிசெய்வதே முறை. ஏனெனில் படுக்கும்போது முகத்தின் தசைகள் வேறு விதமாக அமைகின்றன. தலைக்குத் தேங்காயெண்ணெய் பூசிப் படுக்கின்ற வழக்கமுடைய பெண்கள் அந்த எண்ணெய் முகமூடியின் சிலிக்கன் விளிம்பில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் பட்ட விளிம்பு வழுக்கும், விரைவில் பழுதாகும். இஷாத் தொழுகைக்கு வுழூ செய்யும்போது முகத்தைக் கழுவி எண்ணெய்ப் பசையைப் போக்கிக்கொண்டால் அதுவே போதும்.

வாய் வறண்டு போதல், மூக்கடைப்பு, வயிற்றில் காற்று நிறைதல் ஆகியவை ஏனைய முறைப்பாடுகள். வாய் திறந்து உறங்குபவரின் காற்று வாய் வழியே வெளியேறி விடுவதால் வாய் காய்கின்றது. இவர்களுக்கு வாயையும் மூடும் முகமூடியோ நாடியைத் தாங்கும் பட்டியோ உதவும். மூக்கடைப்புக்கு உப்பு நீர்த் துளிகள் உதவும். காற்றை விழுங்கி வயிறு ஊதுவோர் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திப் படுத்துப் பார்க்கலாம், தொடர்ந்தால் அழுத்தத்தை மீளாய்வு செய்யுமாறு வைத்தியரிடம் கேட்க வேண்டும். நடு இரவில் தம்மையறியாமல் முகமூடியைக் கழற்றி எறிந்து விடுகின்றோம் என்று வருந்துவோர் பலர். விழிப்பு வந்ததும் மீண்டும் அணிந்துகொண்டு உறங்கினால் போதும், அதற்காக மனம் உடைய வேண்டியதில்லை.

காற்றுக்கு ஈரம் சேர்ப்பதற்காக இயந்திரத்தோடு ஒரு நீர்த்தொட்டி இணைக்கப்பட்டிருக்கும். இதில் ஊற்ற வேண்டியது காய்ச்சி வடித்த நீர். புத்தளத்தின் வடபகுதி சுண்ணாம்புக் கல் நிலமாகும். சீமெந்து ஆலைக்குச் சுண்ணக்கல் அகழப்படுகின்ற அறுவக்காடு கரைத்தீவுக்கு அயலிலேயே இருக்கின்றது. இப்பகுதிக் கிணற்று நீரைக் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைக் காணாத இல்லத்தரசி இருக்க முடியாது. அந்நீரை இத்தொட்டியில் ஊற்றினால் அதே வெள்ளைப் படிவு அங்கும் கட்டியாகும். கொதிக்க வைத்து ஆறிய நீரும் இதற்குப் பரிகாரமன்று, கொதிப்பதனால் கிருமி சாகுமேயன்றிச் சுண்ணாம்பு முற்றாக நீங்காது. காய்ச்சி வடித்த நீர் கிடைக்காத நாட்களில் தொட்டியை வெறுமையாக்கி, ஈரமூட்டியை நிறுத்தி இயந்திரத்தைப் பாவிக்கலாம். கடற்காற்று வீசுகின்ற ஊரில் காற்றில் இயல்பாகவே ஈரம் இருப்பதனால் பலருக்கு அது பெரிய குறையாகத் தெரிவதில்லை. தொட்டியில் எஞ்சிய நீரை ஒவ்வொரு காலையும் கொட்டிவிட வேண்டும். முகமூடியின் விளிம்பை நாள்தோறும் துடைத்து, வாரமொரு முறை குழாயையும் தொட்டியையும் மென்மையான சவர்க்கார நீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் துப்புரவு முடிந்தது. டெற்றோல், குளோரின் போன்றவை வேண்டாம். வடிகட்டியில் தூசு படிந்திருக்கின்றதா என்று பார்ப்பதும், குழாயின் வாயை எறும்பும் பல்லியும் புகாதவாறு மூடி வைப்பதும் எமது வீடுகளில் அவசியமானவை.

மின்சாரம் இல்லாத இரவுகள் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். களப்புக்கு அப்பால், கற்பிட்டிக் குடாநாட்டில், நாட்டின் ஆகப் பெரிய மின்னுற்பத்தி நிலையமான 900 மெகாவாற்று நுரைச்சோலை அனல் மின்நிலையம் இருக்கின்றது. இருந்தும் இக்கரையின் வீடுகள் மின்தடைக்கு விதிவிலக்கல்ல. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலில் இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்றினால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தி, நுரைச்சோலையின் இயந்திரங்களையும் நிறுத்தியதனால் தொடர்ந்து வந்த நாட்களிலும் சுழற்சி முறையில் மின்வெட்டு இடம்பெற்றது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போதும் பல பகுதிகள் மின்சாரம் இன்றித் தவித்தன. இயந்திரம் நின்றால் முகமூடிக்குள் மூச்சுத் திணறி இறந்து விடுவோமா என்பது பலரது உள்ளத்திலுள்ள கேள்வி. முகமூடிகள் யாவற்றிலும் காற்று வெளியேறும் சிறு துவாரங்கள் உண்டு. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் வகையில், இயந்திரம் நின்றதும் தானாகத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விடுகின்ற தடுக்கும் உண்டு. விழிப்பு வந்ததும் கழற்றிவிட்டால் ஆபத்து இல்லை. அன்றிரவு பக்கவாட்டில் சரிந்து படுப்பது நல்லது, மல்லாந்து படுக்கையில்தான் நாக்கு பின்னோக்கி அதிகம் சரிகின்றது. அடிக்கடி மின்தடை ஏற்படும் இடங்களில் மின்கலத்தில் இயங்குகின்ற ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம். ஈரமூட்டியையும் குழாயைச் சூடாக்கும் வசதியையும் நிறுத்திவிட்டால் இயந்திரம் எடுக்கும் மின்சாரம் மிகவும் குறைந்து, ஒரு மின்கலம் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். ஆனால் வாகன மின்கலத்தை நேரடியாக இணைக்காமல், அந்த இயந்திரத்துக்கென உற்பத்தியாளர் தயாரித்த மாற்றியைப் பாவிக்க வேண்டும். பருவ காலத்தில் வேறு கரைகளுக்குச் சென்று வாடி அமைத்துத் தங்குகின்ற மீனவர்களுக்கும் இதுவே வழி.

ரமழான் மாதத்தில் உறக்கம் இரண்டாகப் பிரிகின்றது. தராவீஹ் முடிந்து சஹர் வரை ஒரு பகுதி, சுபஹுக்குப் பின்னர் இன்னொரு பகுதி. இரண்டாவது பகுதியில் இயந்திரம் அணிந்தால் நோன்பு முறியுமா என்ற ஐயம் நியாயமானது. 1997 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியின் பத்தாவது அமர்வு, நோன்பை முறிக்காதவை எனப் பட்டியலிட்ட மருத்துவ விடயங்களுள் ஒட்சிசன் வாயுவையும் குறிப்பிட்டுள்ளது. சீபெப் இயந்திரம் தருவது சாதாரணக் காற்றே. ஈரமூட்டியிலிருந்து வரும் நீராவி பற்றி மனம் ஒப்பாதவர்கள் பகல் வேளையில் அதனை நிறுத்தி வைக்கலாம், மேலும் விளக்கம் தேவையாயின் ஊர் உலமாக்களிடம் இயந்திரத்தைக் காட்டியே கேட்கலாம். உடப்பு திரௌபதை அம்மன் ஆலயத் திருவிழா போன்ற, இரவுகளில் கண்விழிக்கும் விழாக்காலங்களில் இந்து வாசகர்களுக்கும் இதே நிலைதான். எந்நேரம் உறங்கினாலும், பகலாயினும், இயந்திரத்தோடு உறங்குவதே சரி. ஹஜ், உம்ரா செல்வோர் இதனை மருத்துவ உபகரணமாகக் கையில் எடுத்துச் செல்ல விமான நிறுவனங்கள் பொதுவாக இடமளிக்கின்றன. வைத்தியரின் கடிதம் ஒன்றை உடன் வைத்திருப்பதும், மேலதிக மின்கலம் கொண்டு செல்வதாயின் அதன் அளவை முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் தெரிவிப்பதும் நன்று.

மத்திய கிழக்கிலோ இத்தாலியிலோ தொழில் புரிகின்ற உறவினர் பாவித்த இயந்திரத்தை ஊருக்கு அனுப்பி வைக்கும் வழக்கம் எமது கரையோரத்தில் புதிதன்று. 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பின்னர் இறக்குமதியாகும் இவ்வியந்திரங்களின் விலை சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றுவிட்டமையால் அதனைக் குறை கூற முடியாது. இரண்டு விடயங்களில் மட்டும் கவனம் வேண்டும். ஒன்று, முன்னர் பாவித்தவருக்கு நிர்ணயித்த அழுத்தம் இவருக்குப் பொருந்தாது. மற்றையது, பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூன் மாதம் தனது பல வகை இயந்திரங்களை மீளப் பெற்றது. உள்ளே ஒலியைக் குறைப்பதற்காக வைக்கப்பட்டிருந்த பஞ்சு சிதைந்து, மூச்சுடன் உட்செல்லக் கூடும் என்பதே காரணம். அவ்வகையைச் சேர்ந்ததா என்பதை இயந்திரத்தின் தொடர் இலக்கத்தைக் கொண்டு சரிபார்க்காமல் பழைய இயந்திரத்தைப் பாவிக்கத் தொடங்குவது உகந்ததன்று.

இயந்திரம் ஒன்றே வழி என்று நாம் கூற வரவில்லை. உடல் எடையைக் குறைத்தல் பலருக்கு நோயின் கடுமையைத் தணிக்கின்றது. தூக்க மாத்திரைகளும் மதுவும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்துவதால் அவை விலக்கப்பட வேண்டியவை. இலேசான நோய்க்குக் கீழ்த்தாடையை முன்னே நகர்த்திப் பிடிக்கும் பற்சாதனம் உதவுகின்றது. சிறுவர்களில் பெரும்பாலும் வீங்கிய உண்ணாக்குச் சுரப்பிகளே காரணமாதலால் அவற்றை அகற்றினால் குணமாகும். 2024 டிசம்பரில் டிர்செபடைட் எனும் ஊசி மருந்துக்கு, மிகைப் பருமனுடன் நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடை உள்ளவர்களுக்கெனக் அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் அங்கீகாரம் அளித்தது. அதன் விலையை நோக்குகையில் எமது கிராமங்களுக்கு அது இப்போதைக்குத் தொலைவானதே.

சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை வெலிசறையில் அமைந்துள்ளது. புத்தளத்திலிருந்து கொழும்பு செல்லும் வீதியில், பேலியகொடைக்குச் சற்று முன்னர் வருகின்ற ஊர் அது. எமது மீன் லொறிகள் அதனைக் கடந்தே தினமும் செல்கின்றன. நோயைக் கண்டறிவதற்கு ஒருமுறை அங்கோ வேறொரு பெரிய வைத்தியசாலைக்கோ செல்வதைத் தவிர்க்க முடியாது. இரவில் தங்கிப் பரிசோதிக்கத் தயங்கும் பெண்கள், விரலிலும் மூக்கிலும் உணரிகளைப் பொருத்தி வீட்டிலேயே செய்யக் கூடிய பரிசோதனை தமக்கு ஏற்றதா என்று வைத்தியரிடம் கேட்கலாம். ஆனால் அதற்குப் பின்னரான முதல் மாதத்து மேற்பார்வையையும் அவ்வளவு தொலைவில் வைத்திருப்பது நியாயமாகாது. புத்தளம் வைத்தியசாலையில் மாதம் ஒரு தடவையேனும் இதற்கென ஒரு சிகிச்சை நாளை ஒதுக்கி, முகமூடி பொருத்துவதில் பயிற்சி பெற்ற தாதி ஒருவரை அமர்த்துமாறு சுகாதார அதிகாரிகளை நாம் கேட்டுக்கொள்கின்றோம். இதற்குப் புதிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ தேவைப்படாது. இவ்வியந்திரங்களில் பெரும்பாலானவை ஒவ்வோர் இரவும் எத்தனை மணித்தியாலங்கள் பாவிக்கப்பட்டன, எவ்வளவு காற்றுக் கசிந்தது, எத்தனை தடவைகள் மூச்சு தடைப்பட்டது என்பவற்றை உள்ளிருக்கும் நகமளவு நினைவு அட்டை ஒன்றில் பதிந்து வைக்கின்றன. கரைத்தீவிலிருந்து நோயாளியால் வர முடியாத மாதத்தில் அந்த அட்டையை யாரேனும் ஒருவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாலும் வைத்தியர் அதனைக் கணினியில் வாசித்து, முகமூடியை மாற்றுவதா, அழுத்தத்தைத் திருத்துவதா எனச் சொல்லி அனுப்பலாம்.